முளைக்காத தட்டு

ஓட்டோவாலை இறங்கேக்கையே என்ரை மனுசன் ரிப்போட்டை உயத்திப் பிடிச்சுக்கொண்டுதான் இறங்கினவர். கால் புண்ணிலை எடுத்த சிதளிலை, சீழிலை, ஒண்டும் முளைக்கேல்லையாம், கிருமியே இல்லையாம் எண்டு கேற்றடியிலை நிண்டே சொன்னார். நான் குசினியிலை பயத்தங்காய் முறிச்சுக்கொண்டு இருந்தனான். கையைக் கழுவிப்போட்டு வெளியிலை வரமுன்னம் கனடாவிலை இருக்கிற தன்ரை தங்கச்சிக்குப் போன் போயிட்டுது. சுபாஜினி அங்கையிருந்து அழுறாள், இவர் இஞ்சையிருந்து மூக்கை உறிஞ்சுறார். சன்னதி முருகனுக்குப் பொங்கல் வைக்க இரண்டு பேருமாச் சேந்து நாளும் குறிச்சிட்டினம். நான் மட்டும் ரிப்போட்டை வாங்கித் திருப்பி வாசிச்சன்.

நான் முப்பத்தைஞ்சு வருசம் ஆசுப்பத்திரி லாபிலை இருந்து கிருமி வளத்தவள். மகாதேவி மிஸ் எண்டால் நெல்லியடிச் சந்தையிலை மீன் விக்கிற ஆக்களுக்கும் தெரியும். என்ரை வாய்க்குப் பயந்து நல்ல மீனாப் பாத்துத் தருவினம். ஆரின்ரையும் சிதளோ மூத்திரமோ வந்தால் அதை ஒரு தட்டிலை தடவிச் சூட்டிலை வைக்கிறது, அடுத்த நாள் கிருமி முளைச்சு நிக்கும். அதிலை கொஞ்சத்தை எடுத்து இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மேலை மருந்து தோய்ச்ச சின்னச் சின்னக் கடதாசி வட்டங்களை வைக்கிறது. எந்த வட்டத்தைச் சுத்திக் கிருமி செத்து வெளிச்சுக் கிடக்கோ அந்த மருந்து கேக்கும். எந்த வட்டத்தின்ரை விளிம்பு மட்டும் கிருமி வந்து முட்டிக்கொண்டு நிக்குதோ அந்த மருந்து கேக்காது, அள்ளிக் குடுத்தாலும் பிரயோசனம் இல்லை. கேக்கும், கேக்காது. இந்த ரெண்டு சொல்லிலைதான் என்ரை உத்தியோகம் முழுக்கப் போனது.

அப்பிடிப்பட்டவளுக்கு, சிதள் வழியிற புண்ணிலை ஒண்டும் முளைக்கேல்லை எண்டு சொன்னால் பொங்கல் வைக்க மனம் வருமே?

அந்தப் புண் வந்த கதையைச் சொன்னால் எனக்கு இப்பவும் கடுப்பு வரும். ஆவணியிலை திருவிழாவுக்கு நேத்தி எண்டு நெல்லியடியிலையிருந்து தொண்டைமானாறு சன்னதி மட்டும் வெறுங்காலோடை நடந்தவர். வேண்டாம் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். சலரோகக்காரனுக்கு, அதுதான் நீரிழிவுக்காரனுக்கு, காலிலை உணர்ச்சி இல்லை. தார் றோட்டிலை பெருவிரலுக்குக் கீழை கொப்பளிச்சது மனுசனுக்குத் தெரியவும் இல்லை. கொப்பளம் உடைஞ்சு புண்ணாகி, கார்த்திகை பிறக்கேக்கை எலும்பு வரைக்கும் போயிட்டுது. சத்திரசிகிச்சை டொக்டர் ஜெறோம் ஒளிக்காமல் சொன்னவர், எந்தக் கிருமி, அதுக்கு எந்த மருந்து எண்டு சரியாத் தெரிஞ்சால் பெருவிரல் மட்டும் போறதோடை தப்பலாம், தெரியாமல் கண்டதையும் குடுத்துக்கொண்டிருந்து அது மேலை ஏறினால் முழங்காலுக்குக் கீழை எடுக்கவேண்டி வரும் எண்டு. அதைக் கேட்ட நாளிலையிருந்து இவர் அந்தக் காலைத் துவாயாலை மூடிப்போட்டுத்தான் படுக்கிறவர். ஆரும் வந்து எட்டிப் பாத்தாலும் பிடிக்காது.

அடுத்த நாள் காலமை நான் லாபுக்கு வெளிக்கிட்டன். அங்கை தாரிகா எண்டொரு பிள்ளை, நான் ஓய்வு பெற்றாப்பிறகு வந்தவள். போனவுடனை பேசத் தொடங்கிட்டன். தட்டு பழசோ, கரண்ட் போனதோ, பூசினது ஆர் எண்டு வரிசையாக் கேட்டன். அந்தப் பிள்ளை ஒண்டுக்கும் முகம் சுழிக்காமல், கொஞ்சம் இருங்கோ அன்ரி, எழுதி வைச்சதைப் பாத்துக்கொண்டு வாறன் எண்டு உள்ளுக்குப் போனாள்.

வெளியிலை கிடந்த வாங்கிலை குந்தினன். இப்ப லாப் முழுக்கக் குளிர், வெள்ளை வெளிச்சம், சத்தமில்லாத மெசினுகள். நல்லதுதான். எண்டாலும் எங்கடை காலத்து லாபை நினைச்சால் எனக்கு நெஞ்சு கனக்கும். தொண்ணூறுகளிலை, சண்டை நேரம், பொருளாதாரத் தடைக்கை, கரண்ட் இல்லை. பலகைப் பெட்டிக்குக் கீழை அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைச்சு அந்தச் சூட்டிலை கிருமி வளத்தனாங்கள். பிறெசர் குக்கரிலை தட்டு அவிச்சனாங்கள். மண்ணெண்ணெயும் அந்த அவியலும் சேந்த ஒரு மணம் இருந்தது. அது இப்ப எங்கையும் மணந்தால் எனக்கு இருபத்தொன்பது வயசாகிடும். செல்லடிக்குப் பயந்த காலத்தை நினைச்சு ஏங்கிறாளே இவள், விசரி எண்டு நீங்கள் நினைப்பியள். நினையுங்கோ. ஏங்கிறன்தான்.

கொழும்பிலையிருந்து மருந்து தோய்ச்ச வட்டங்கள் வாறது நிண்டுபோச்சுது. எங்களிட்டை வடிகடதாசி ஒரு கட்டு மட்டும் கிடந்தது. அதை ஒரே அளவிலை வட்டம் வட்டமா வெட்டவேணும். ஆசுப்பத்திரிக் கந்தோரிலை ஃபைலுக்கு ஓட்டை போடுற மெசின் ஒண்டு இருந்தது ஞாபகம் வந்து கேக்கப் போனன். அங்கை இருந்த கிளாக்கர், அது அரசாங்கச் சொத்து, வெளியிலை குடுக்கேலாது எண்டிட்டார். நான் விடுவனே? கந்தோர் முழுக்கக் கேக்கிற மாதிரிப் பேசிப்போட்டு வந்தன். அண்டைக்குப் பின்னேரம் அந்த மனுசன் மெசினையும் தூக்கிக்கொண்டு லாப் வாசல்லை வந்து நிக்குது. மெசின் தன்ரை பொறுப்பிலைதான் இருக்கவேணுமாம், அதாலை தானே இருந்து குத்தித் தாறாராம்.

கிழமையிலை மூண்டு பின்னேரம் வருவார். வாயே திறக்கமாட்டார். நான் ஆரையாவது ஏசிக்கொண்டிருப்பன், அவர் டக் டக்கெண்டு குத்திக்கொண்டிருப்பார். அந்தக் கடதாசிப் பொட்டுகளை அவிச்சுக் காயவைச்சு, மருந்துக் கரைசலை அளந்து சொட்டுச் சொட்டா விடுறது என்ரை வேலை. அடுத்த நாள் தட்டைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை அடிமட்டத்தை வைச்சு வெளிச்ச இடத்தை மில்லிமீற்றர் கணக்கிலை அளப்பன். அவரும் பின்னாலை நிண்டு எட்டிப் பாப்பார். தான் குத்தின வட்டத்தைச் சுத்திக் கிருமி செத்துக் கிடந்தால் மனுசனுக்கு முகமெல்லாம் பூரிக்கும். ஒரு போத்தல் நிறைய வட்டம் சேந்த கிழமை எங்கடை வீட்டுக்குத் தாய் தகப்பனை அனுப்பிவிட்டார். அவர்தான் என்ரை மனுசன் பிரகலாதன். கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருசம் முடிஞ்சுது.

அந்த நாளிலை ஆசுப்பத்திரியிலை இருந்தது நாலே நாலு வகை மருந்து. கேக்காத ஆளுக்குக் குடுத்தால் கேக்கிற ஆளுக்கு இல்லாமல் போயிடும். அதாலை வாட்டிலையிருந்து டொக்டர்மார் ஓடி வந்து, மிஸ், தட்டு என்ன சொல்லுது எண்டு கேட்டுப்போட்டுத்தான் ஊசியைத் தொடுவினம். ஒண்டுமில்லாத காலத்திலை அந்த ஒழுங்கு இருந்தது. இப்ப தடிமன் சளிக்கும் பாமசியிலை போய் அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடுகினம். அதை நினைச்சாலே எனக்கு வாயிலை நல்ல வார்த்தை வராது.

தாரிகா கொப்பியோடை வந்தாள். சிதளை முதல்லை கண்ணாடித்துண்டிலை பூசி மைக்கிறஸ்கோப்பிலை பாக்கேக்கை கிருமி கொத்துக் கொத்தா இருந்ததாம். தட்டிலைதான் வரேல்லையாம். தன்ரை தட்டிலை பிழையில்லை எண்டு காட்ட, அண்டைக்கே அதே கட்டுத் தட்டிலை முளைச்ச வேறை ஆக்களின்ரை கிருமியையும் காட்டினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அங்கிள் ஏதும் மருந்து போட்டவரோ அன்ரி?"

என்ரை வீட்டிலையோ, ஆரைப் பாத்து என்ன கேக்கிறாய் பிள்ளை எண்டு துள்ளிப்போட்டு வந்திட்டன். ஆனால் பஸ்ஸிலை வரேக்கை துள்ளல் அடங்கிப்போச்சுது. கண்ணாடியிலை தெரியிற கிருமி தட்டிலை முளைக்கேல்லை எண்டால் அதுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு காரணம்தான். சிதள் எடுக்கமுன்னம் ஆரோ உள்ளுக்கு மருந்தை அனுப்பிப்போட்டினம். இதை நானே எத்தினை பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறன்.

வீட்டை வந்து அவர் குளிக்கேக்கை அலுமாரி லாச்சியைத் திறந்தன். பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளை மூண்டு நிறத்திலை குளிசை கிடந்தது. சுபாஜினி திருவிழாவுக்கு வந்திட்டுப் போகேக்கை ஒரு பை மருந்தை விட்டிட்டுப் போனவள். அங்கை ஆருக்கோ பல்லுக்குக் குடுத்தது, ஆருக்கோ நெஞ்சுச் சளிக்குக் குடுத்தது, பாதியிலை நிப்பாட்டி மிச்சம் பிடிச்சது. எங்கடை சனத்துக்கு வெளிநாட்டு மருந்து எண்டால் மந்திரிச்சது மாதிரி. ஒரு வீடு மிச்சமில்லாமல் அலுமாரிக்குள்ளை இப்பிடியொரு பை கிடக்கும்.

தலை துவட்டிக்கொண்டு வந்தவர் கட்டில்லை கிடந்த கூட்டைக் கண்டு அப்பிடியே நிண்டிட்டார். எத்தினை நாளா எண்டு கேட்டன். இருபத்திரண்டு நாளாம். ஒரு நாளைக்கு எத்தினை எண்டு கேட்டன். ஒண்டாம். பெட்டியிலை மூண்டு வேளை எண்டு போட்டிருக்கு, இவர் கெதியா முடிஞ்சிடும் எண்டு ஒரு வேளை போட்டிருக்கிறார், ஒரு நிறம் முடிய அடுத்த நிறம். எனக்கு விளங்கினது. தடைக் காலத்திலை ஒரு காட் குளிசையை நாலு பேருக்குப் பங்கு வைச்சு, அரைக் குளிசையை நாளைக்கு எண்டு கடதாசியிலை சுத்தி வைச்ச சனம் நாங்கள். மருந்தை மிச்சம் பிடிக்கிற புத்தி எலும்பிலை ஊறிப்போச்சுது. ஆனால் கிருமிக்கு அந்த ஒரு குளிசை சாகவும் காணாது. தட்டிலை தலைகாட்டாமல் பதுங்கவும், மருந்தைப் பழகிக்கொள்ளவும்தான் காணும்.

வாயைத் திறந்தன். ஏசத்தான். அவர் கட்டில் நுனியிலை இருந்து, புண்ணுக் காலைப் பாத்துக்கொண்டு சொன்னார்.

"கால் போயிடுமோ எண்டு பயந்திட்டன். உம்மிட்டைச் சொன்னால் ஏசுவீர். அதுதான் ஒளிச்சனான்."

ஊரிலை இருக்கிற எல்லாருக்கும் எது கேக்கும் எது கேக்காது எண்டு சொன்னவள், கட்டின மனுசன் பயத்தைச் சொல்ல ஏலாத மாதிரி ஒரு வாயை வைச்சிருந்திருக்கிறன். வெக்கமாப் போச்சுது. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து குடுத்தன், அவ்வளவுதான் என்னாலை ஏலுமாயிருந்தது.

டொக்டர் ஜெறோமிட்டை எல்லாத்தையும் சொன்னம். அவர் காலை வடிவாப் பாத்தார். காய்ச்சல் இல்லை, புண் மேலை ஏறேல்லை, அதாலை பொறுக்க இடமிருக்கு எண்டார். போட்ட மருந்து உடம்பை விட்டுப் போகட்டும், ஏழு நாள் எந்த அன்ரிபயோட்டிக்கும் இல்லை. ஒவ்வொரு நாளும் மருந்து கட்டிறது மட்டும்தான். எட்டாம் நாள் ஆழத்திலை எலும்புத் துண்டு எடுத்துத் திருப்பி அனுப்புவம் எண்டார். காலிலை சிவப்பு நிண்ட இடத்தைச் சுத்திப் பேனையாலை ஒரு கோடு கீறிவிட்டார். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலோ காய்ச்சல் வந்தாலோ அந்த நிமிசமே வாங்கோ, வீட்டிலை வைச்சு எதையும் குடுக்கவேண்டாம் எண்டு இரண்டு தரம் சொன்னவர். எனக்கே சொல்லுறாரோ எண்டு உள்ளுக்கை ஒரு கடுப்பும் வந்தது.

முதல் நாலு நாளும் வெல்லமாப் போச்சுது. காலமையும் பின்னேரமும் புண்ணைக் கழுவிக் கட்டுவன், கோட்டைப் பாப்பன், தேமாமீற்றரை வைப்பன். கட்டிக்கொண்டிருக்கேக்கை பழங்கதை கதைப்பம். லாம்பு அணைஞ்சு ஒரு பெட்டித் தட்டு முழுக்கப் பழுதாப் போனதும், நான் வாசல்லை இருந்து அழுததும், அவர் தோலகட்டிப் பக்கம் போய் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்ததும் எல்லாம் அவருக்கு ஞாபகம். நான் அழுததை ஒருத்தரும் காணேல்லை எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

ஐஞ்சாம் நாள் பின்னேரம் கட்டை அவிழ்க்க, சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட வந்து நிண்டுது. தாண்டேல்லை, ஆனால் கிட்ட. புண்ணிலை நாத்தமும் கொஞ்சம் கூட. உடம்பு சூடோ எண்டு தொட்டுப் பாத்தன், சூடு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. தேமாமீற்றர் காய்ச்சல் இல்லை எண்டுதான் காட்டினது. நான் அதை நம்பேல்லை. முழங்காலுக்குக் கீழை எடுக்கவேண்டி வரும் எண்ட அந்த ஒரு வசனம்தான் காதுக்குள்ளை நிண்டது. படிச்ச படிப்பு, முப்பத்தைஞ்சு வருச உத்தியோகம், ஏசின ஏச்சு எல்லாம் எங்கை போச்சுதோ தெரியேல்லை. ஆசுப்பத்திரியிலை குடுத்திடவெண்டு கட்டி வைச்ச சுபாஜினியின்ரை பையை அவிழ்த்து, இருக்கிறதுக்குள்ளை பெரிய குளிசை இரண்டை எடுத்து, ஒரு கிளாஸ் தண்ணியோடை கொண்டுபோய் நீட்டினன்.

இண்டைக்கு மட்டும் போடுங்கோ எண்டு சொன்னன். எப்பிடித்தான் அந்தச் சொல் என்ரை வாயாலை வந்ததோ.

அவர் குளிசையைப் பாத்தார், என்னைப் பாத்தார். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். நான் கெஞ்சினன். ஓம், நான்தான் கெஞ்சினன். அவர் கிளாஸை வாங்கிக் கீழை வைச்சிட்டுச் சொன்னார்.

"கோடு தாண்டேல்லை. தாண்டினால் ஆசுப்பத்திரிக்குப் போவம். இப்ப இதை விழுங்கினால் எட்டாம் நாளும் ஒண்டும் முளையாது, பேந்து ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

அடுத்த நாள் காலமை ஓட்டோ பிடிச்சுக் கொண்டுபோய்க் காட்டினன். பொறுக்கலாம் எண்டிச்சினம். ஏழாம் நாளும் சிவப்பு அந்தக் கோட்டுக்கு உள்ளைதான் நிண்டது. எட்டாம் நாள் எலும்புத் துண்டு எடுத்துக்கொண்டு லாபுக்குப் போச்சுது. நானும் பின்னாலையே போய், தாரிகாவிட்டை அண்டைக்குத் துள்ளினதுக்கு மன்னிப்புக் கேட்டன். அந்தப் பிள்ளை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் எழும்பி நிண்டிட்டுது.

மூண்டு நாளிலை அவளே கூப்பிட்டாள். வெளிச்சத்துக்கு நேரை தட்டைப் பிடிச்சுக் காட்டினாள். தட்டு முழுக்கக் கிருமி செழிச்சுக் கிடந்தது. என்ரை சீவியத்திலை கிருமி முளைச்சதைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டது அண்டைக்குத்தான். சுபாஜினியின்ரை பையிலை இருந்த மூண்டு மருந்தும் கேக்கேல்லை. நான் கொண்டுபோய் நீட்டின குளிசையின்ரை வட்டத்தைத் தேடிப் பாத்தன், விளிம்பிலை நூல் இடமும் விடாமல் கிருமி ஒட்டிக்கொண்டு நிண்டது. கேட்டது ரெண்டே ரெண்டு. ஒண்டு ஊசி. மற்றது எங்கடை ஆசுப்பத்திரியிலை கடதாசி உறையிலை போட்டுச் சும்மா குடுக்கிற பழைய குளிசை, வெளிநாட்டுக்காரர் திரும்பியும் பாக்காதது.

முதல்லை ஊசி, பிறகு ஆறு கிழமை அந்தக் குளிசை. நேரம் தவறாமல், ஒரு வேளை குறையாமல் போட்டார். எலும்பு எடுத்த பெருவிரல் நுனி போனது போனதுதான். மாசி பிறக்கேக்கை புண் மூடிட்டுது.

கடைசியாக் கிளினிக்குக்குப் போன நாள் டொக்டர் ஜெறோம் பக்கத்திலை பயிற்சி டொக்டர்மார் நாலு பேர் நிண்டவை. அவர் இவரின்ரை காலைத் தூக்கிக் காட்டி, இந்தக் கால் தப்பினதுக்குக் காரணம் இந்த அன்ரி எண்டார். லாபிலை வேலை செய்தவ, ஏழு நாளும் ஒரு குளிசை குடுக்காமல் மனசைக் கட்டிக்கொண்டு இருந்தவ, இப்பிடியான ஆக்கள் வீட்டிலை இருந்தால் எங்களுக்கு வேலை சுகம் எண்டார். அந்தப் பிள்ளையளும் என்னைப் பெரிய மரியாதையாப் பாத்தினம். இவர் உடனை, ஓம் டொக்டர், இவவைத் தாண்டி ஒரு குளிசை அசையாது எண்டு எனக்காக முண்டு குடுத்தார்.

சிரிச்சுப்போட்டு வந்திருக்கலாம். ஏலாமப் போச்சுது.

"இல்லை டொக்டர். ஐஞ்சாம் நாள் நான் குளிசையைக் கொண்டுபோய் நீட்டினனான். வாயை மூடிக்கொண்டவர் இவர்தான்."

டொக்டர் என்னை ஒருக்காப் பாத்தார். பிறகு இவரைப் பாத்து, ஒளிச்சு ஒளிச்சுப் போட்ட மனுசனுக்கு அண்டைக்கு மட்டும் எப்பிடிப் பயமில்லாமல் போச்சுது எண்டு கேட்டார்.

"பயம் இருந்தது டொக்டர்," எண்டார் என்ரை மனுசன். "இவ கிளாஸை நீட்டேக்கை கை நடுங்கித் தண்ணி சிந்தினது. இவவின்ரை கை நடுங்கி நான் ஒருநாளும் கண்டதில்லை. சரி, ரெண்டு பேரும் பயந்தால் சரிவராது, பயப்பிடுறதை இவவுக்கே விட்டுக்குடுப்பம் எண்டு நினைச்சன்."

அந்தப் பிள்ளையள் சிரிச்சுதுகள். நான் செருப்பைத் தேடுற மாதிரிக் குனிஞ்சு, அவரின்ரை காலுக்குச் செருப்பைக் கொழுவிவிட்டன். நிமிர எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.